இருவர் மட்டும் ஏறும் படகு

படகு மறுபடியும் இடப்பக்கம் சாய்ந்தே வந்தது.

வளைவின் இருட்டுக்குள்ளிருந்து முதலில் அதன் மூக்கு தெரிந்தது. பிறகு இருக்கைப் பலகையில் அருகருகே உட்காரவைத்திருந்த இரண்டு மணல் மூட்டைகள். பிறகு இடது விளிம்பு கல்சுவரை உரசும் அந்தச் சத்தம், ஈரச் சிலேட்டில் நகத்தை வைத்து மெதுவாக இழுப்பதுபோல. கீழ்ப்படித்துறையில் நின்றிருந்த ரசமட்டம் அண்ணன் கொக்கியை நீட்டிப் படகை இழுத்தார். விளிம்பில் ஒட்டியிருந்த பாசியை விரலால் வழித்து மோந்து பார்த்தார். பாசியை மோந்து என்ன கண்டுபிடிக்கப்போகிறார் என்று பக்கத்தில் நின்றிருந்த அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"படகையும் மாத்தியாச்சு" என்றார் அவர். "அடிப்பலகைக்குக் கீழ இரும்புக் கட்டையை வலப்பக்கம் தள்ளிவச்சும் பாத்தாச்சு. படகு மேல தப்பில்ல, எம்மேலயும் தப்பில்ல. அப்ப யார் மேலம்மா தப்பு?"

கொத்தனார்கள் கையில் வைத்திருக்கும் ரசமட்டத்தைப் போல அவருடைய கண் ஒரு நெல்லளவு சாய்வைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் வந்த பெயர் அது. தன் கல்யாணத்தன்று வீட்டில் மாட்டியிருந்த மாமனார் படத்தைக்கூட எழுந்துபோய் நேராக்கிவிட்டு வந்தவர் என்று அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள். அவருக்கே புரியாத சாய்வு என்றால் அது சின்ன விஷயமில்லை.

ஏன் இதற்கு இவ்வளவு அலட்டல் என்றால், அந்தப் படகு ஓடும் விதம் அப்படி. தெருக்களுக்குப் பதிலாகக் கால்வாய்கள் ஓடும் நகரம் அது. கால்வாய்த் தண்ணீர் தேங்கினால் நாறும். அதனால் கடல் வற்றும் நேரம் பார்த்து ஒரு முனையில் மதகைத் திறப்பார்கள்; மறுமுனையில் நல்ல தண்ணீரை உள்ளே விடுவார்கள். அப்போது கொஞ்ச நேரத்துக்குக் கால்வாய் முழுவதும் ஒரு மனிதன் சாவகாசமாக நடக்கும் வேகத்தில் நகரும். ஜோடிகளுக்கான சுற்றுலாவைத் திட்டமிடுகிற அவளுடைய அலுவலகம் அந்த நகர்வைத்தான் விற்றது. துடுப்பு இல்லை, ஓட்டுகிறவர் இல்லை. இரண்டு பேர் மட்டும் மேல்படித்துறையில் ஏறி உட்கார்ந்தால் தண்ணீரே அவர்களை ஏந்திக்கொண்டுபோய், பழைய வீடுகளுக்கு அடியில் குடைந்த நீண்ட வளைவுக்குள் நுழைத்து, அந்தப் பக்கம் வெளியே விடும். படகு வளைவைக் கடப்பதற்குள் ரசமட்டம் குறுக்குச் சந்து வழியாக நடந்து கீழ்ப்படித்துறைக்கு வந்துவிடுவார். உள்ளே வேறு யாரும் பார்க்க முடியாது என்பதால் அதற்கு முத்த வளைவு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வளைவோ படகைவிடக் கொஞ்சம்தான் அகலம். திருத்திப் பிடிக்க ஆள் இல்லாத படகு சமமாக மிதந்தால்தான் நடுவில் போகும். ஆகவே ஒவ்வொரு ஜோடி வருவதற்கு முன்னும் ஒத்திகை உண்டு. இருவரின் எடையையும் கேட்டு வாங்கி, அந்த எடைக்கு மணல் மூட்டை கட்டி, உட்காரவைத்து அனுப்பிப் பார்ப்பார்கள். எடையைக் கேட்டால் எல்லாரும் குறைத்துத்தான் சொல்வார்கள் என்று ரசமட்டம் தன் பங்குக்கு ஆளுக்கு ஒரு கை மணல் சேர்ப்பார். மற்ற எல்லா ஜோடிகளின் மூட்டைகளும் நேராகப் போய் நேராக வந்தன. இந்த ஒரு ஜோடியின் மூட்டைகள் மட்டும் இப்படி.

"மூட்டைகளை இடம் மாத்தி வச்சுப் பாக்கலாமாண்ணே?" என்றாள்.

மாற்றினார்கள். படகைக் கயிறு கட்டி மேலே இழுத்துப்போய் மறுபடி விட்டார்கள். காத்திருந்தார்கள். வளைவுக்குள் ஏதோ சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அந்தக் கீறல்.

இம்முறை வலது விளிம்பில்.

  ரசமட்டமும் அவளும் ஒரே மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாய்வு இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை. பெண்ணுக்காகக் கட்டிய மூட்டை எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம்தான் சாய்ந்தது.

அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் மட்டும்தான் அவளுக்குப் பழக்கம். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆனவள். கணவனுக்குத் தெரியாமல் அவனை இந்த ஊருக்குக் கூட்டிவர வேண்டும், கண்ணைக் கட்டிப் படித்துறைக்கே கொண்டுவர வேண்டும் என்று ஆசை. முதல் அழைப்பிலேயே "அக்கா" என்று ஒட்டிக்கொண்டாள். அந்தச் சொல்லை அவள் காது கேட்டு வெகுகாலமாயிற்று.

"அவருக்கு இது ரெண்டாங் கல்யாணம்க்கா" என்றாள் ஒருநாள். "மொத சம்சாரம் காய்ச்சல்ல போயிட்டாங்களாம், பாவம். அதப் பத்திப் பேச்சு எடுத்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவாரு. அதான் மனசு மாறட்டும்னு."

"நல்லாச் சிரிக்க வச்சுரலாம். ஒரு படம் அனுப்பும்மா, வரவேற்புக்கு ஆள் தெரியணும்ல."

படம் வந்தது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து சன்னலைத் திறந்து, வெளியே தலையை நீட்டி மூச்சு வாங்கினாள்.

காய்ச்சலில் போனவள் அவளுடைய தங்கை. காய்ச்சலில் போகவில்லை. இதே ஊரில், இதே வளைவுக்குள், அந்தக் காலத்தில் வேறு யாரோ நடத்திவந்த இதே மாதிரிப் படகிலிருந்து விழுந்து போனாள். வெளியே வந்த படகில் அவன் மட்டும் இருந்தான். இருட்டில் எழுந்து நின்றாள், தவறி விழுந்துவிட்டாள் என்றான். அழுதான். எல்லாரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். ஆனால் அவன் உடை நனையாமல் இருந்தது மட்டும் அவள் மனத்தில் ஒரு சிராய்போல் குத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சிராய்க்காகத்தான் ஊரைவிட்டு இங்கே வந்து இந்த வேலையில் சேர்ந்தாள்.

படகைப் புரிந்துகொண்ட பிறகு பொய்யும் புரிந்தது. குறுகலான படகில் ஒருவர் இடது விளிம்பைத் தாண்டி விழுந்தால், விழுகிறவரோடு சேர்ந்து படகும் இடப்பக்கம் புரளும், விளிம்பு தண்ணீருக்குள் போகும், மிச்சமிருப்பவர் மடியளவு நனைவார். ஆள் இல்லாத நேரங்களில் மூட்டைகளைத் தள்ளித் தள்ளி அவள் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் படகு நிறையத் தண்ணீர். நனையாமலிருக்க ஒரே வழி, அந்தக் கணத்தில் மற்றவர் வலப்பக்கம் சாய்ந்து எடையைப் பிடித்திருக்க வேண்டும். அவள் விழப்போகிறாள் என்று தெரிந்தவனால்தான் முன்கூட்டியே அப்படிச் சாய முடியும். இதை எந்த அதிகாரி கேட்பார்?

யாரும் கேட்கவேண்டாம் என்று முடிவெடுத்தாள். தங்கை தங்கிய அறையையே இவர்களுக்கும் பிடித்தாள். அதே சன்னல், அதே கட்டில். தங்கை நடந்த பாலங்களின் வழியாகவே நடைப்பயணம் போட்டாள். எல்லாவற்றுக்கும் முன்னால், வந்து இறங்கியதுமே, படகு. அவன் முகம் எப்படி மாறுகிறது என்று நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் முதலில் நினைத்தது. ஆனால் முதல் ஒத்திகையின்போது, பெண்ணின் மூட்டைக்கு இன்னும் மணல் வரவில்லை என்று, அவளே அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். வளைவின் நடுவில், ஒளி இரண்டு பக்கமும் காசளவுக்குச் சுருங்கிப்போகும் இடத்தில், தண்ணீரைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள்:

"பாப்பா, அவன் வர்றான். நீயும் வாடி."

 சொட்டும் சத்தம் மட்டும் ஒரு நொடி நின்றது. அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் படகு சாய ஆரம்பித்தது.

அன்று மாலை ரசமட்டம் இரண்டு மூட்டைகளையும் அலுவலகத்துக்குத் தூக்கிவந்து சுவரோரப் பலகையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அலுவலகம் ஒரு வீட்டின் கீழ்த்தளம்; சுவரில் முழங்கால் உயரத்துக்கு எப்போதும் ஈரக்கோடு இருக்கும்; ஈரத்தை உறிஞ்சும் பெட்டி மூலையில் நாள் முழுக்க முனகும். வெளியே வானம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு விளக்கின் ஒளி கால்வாயில் பட்டுக் கூரைக்கு ஏறி நெளிந்தது. வரவேற்பு ஏற்பாடுகளை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு, பெட்டியின் முனகல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. நின்றதும் வந்த அமைதியில், பக்கத்தில் ஒரு சொட்டுச் சத்தம்.

பெண்ணின் மூட்டை ஈரமாக இருந்தது.

படகில் போன மூட்டை, ஈரமாகத்தானே இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுந்துபோய்த் தொட்டும் பார்த்தாள். அடிப்பக்கம் உலர்ந்திருந்தது. ஈரம் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சாக்கின் மேற்பகுதி இரண்டு குழிகளாக அமுங்கியிருந்தது. தண்ணீரில் நனைந்த பொருள் கீழிருந்து ஊறும். நனைந்தவர் யாராவது மேலே உட்கார்ந்தால்தான் இப்படி ஊறும்.

அவள் பின்னால் நகர்ந்தாள். பாசி வாடை. ஈரத் தலைமுடியின் வாடை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி மெல்ல ஒரு பக்கமாக ஆழமானது, உட்கார்ந்திருப்பவர் அவள் பக்கம் திரும்பியதுபோல.

"பாப்பா?"

மூட்டையிலிருந்து நீர் தரையில் இறங்கி, அவள் கால்வரை வந்து நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாடி என்று அழைத்தாள், தங்கை வந்துவிட்டாள். எங்கே உட்காருவாள்? தன் இடத்தில். கணவனுக்குப் பக்கத்தில். அந்த இடத்தில்தான் இன்னொருத்தி உட்காரப்போகிறாள், "அக்கா அக்கா" என்று வாய் ஓயாத ஒருத்தி. அவளுக்கும் தங்கை வயதுதான்.

தொலைபேசியை எடுத்தாள். 

"அக்கா! வண்டில ஏறியாச்சு. இவரு எந்த ஊருன்னு கேட்டு என்னைத் தொளச்சி எடுக்கறாரு. நான் வாயத் தெறக்கவே இல்லையே!"

"கேளும்மா… அந்தப் படகு…"

"படகுதான்க்கா முக்கியம்! அத மட்டும் இல்லன்னு சொல்லிராதீங்க, அழுதுருவேன்."

ஒரு வார்த்தை போதும். படகு பழுது என்றால் போதும். ஆனால் அந்தப் பெண்ணின் குரலுக்குப் பின்னால் ஒரு ஆணின் சிரிப்பு கேட்டது. நன்றாகத் தூங்கி எழுந்தவனின் சிரிப்பு. தங்கையின் உடலைப் பெட்டியில் வைத்து மூடிய நாளில் அழுத அதே தொண்டை.

"இல்ல, படகு ரெடியா இருக்கு. பத்திரமா வாங்க" என்றாள்.

மறுநாள் மதகு திறக்கும் நேரம் சாயுங்காலமாக இருந்தது. தண்ணீர் நகரத் தொடங்கியிருந்தது. மிதந்த இலைகள் எல்லாம் ஒரே திசையில் வளைவைப் பார்த்துப் போயின. புதுப்பெண் வண்டியிலேயே தன் சால்வையால் கணவனின் கண்ணைக் கட்டி, தோளைப் பிடித்து, படி படியாக இறக்கிக் கூட்டிவந்தாள். மெலிந்தவள். பல் தெரியச் சிரிப்பு.

"இப்ப பாருங்க!"

சால்வை அவிழ்ந்தது. அவன் தண்ணீரைப் பார்த்தான். வளைவைப் பார்த்தான். பிறகு படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற முதல் மனைவியின் அக்காவைப் பார்த்தான்.

"வாங்க மாப்பிள்ளை" என்றாள்.

"அட, உங்களுக்குள்ள தெரியுமா?" என்றாள் புதுப்பெண்.

"இல்ல" என்றான் அவன், அவசரமாக. பிறகு, "எனக்குத் தலைய வலிக்குது. ரூமுக்குப் போயிரலாம்."

"தண்ணின்னாலே இவருக்குப் பயம்க்கா. குளிக்க வைக்கறதுக்கே கெஞ்சணும்!" அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். மறுக்க ஒரு காரணம் வேண்டும். காய்ச்சலில் செத்தவள் இந்த வளைவுக்குள் செத்தாள் என்று புது மனைவியிடம் எப்படிச் சொல்வான்? ஏறினான். வலப்பக்கம் அவன், இடப்பக்கம் புதுப்பெண்.

படகு சாய்ந்தது.

கொஞ்சமாகத்தான் முதலில். ரசமட்டத்தின் கண் சுருங்கியது. பிறகு இன்னும் கொஞ்சம். விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு கை அகலம். ஒரு விரல் அகலம்.

"ஐய, நான் அவ்வளவு குண்டா?" என்று சிரித்தாள் புதுப்பெண். சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா… என் மடி ஏன் இப்படிக் கனக்குது?"

அவளுடைய மடியில் துணி தட்டையாக அமுங்கியிருந்தது. ஈரம் அங்கிருந்து இறங்கியது. மேலிருந்து கீழே.

"எடம் மாறி உக்காருங்க!" என்று கத்தினார் ரசமட்டம். அவனே அவளை இழுத்து இடம் மாற்றினான், நெருப்பிலிருந்து விலகுகிறவனைப்போல. படகு மறுபக்கம் புரண்டது. வலது விளிம்பு. தண்ணீர் ஒரு நாக்காக உள்ளே எட்டிப் பார்த்தது.

"எந்திரிக்க முடியல… அக்கா, குளிருது… மூச்சு…"

அவன் மனைவியைப் பார்க்கவில்லை. அவள் முகத்துக்குக் கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மடியில் ஒருவர் உட்கார்ந்தால் முகம் எங்கே இருக்குமோ, அங்கே.

படித்துறையில் நின்றவள் கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு கடைசிப் படியில் மண்டியிட்டாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. அந்த வெற்றிடத்தை நோக்கி, சின்ன வயதில் தூக்கத்தில் அழுத தங்கையிடம் பேசிய அதே குரலில் பேசினாள்.

"பாப்பா. இவ இல்லடி. இவளுக்கு ஒண்ணுமே தெரியாது. கொஞ்சம் எழுந்திரு."

ஒன்றும் நடக்கவில்லை.

"அக்கா சொல்றேன்ல. எழுந்திருடி."

மடியில் துணி மெல்ல மேலெழுந்தது.

புதுப்பெண்ணின் கையைப் பற்றி இழுத்தாள். ஒரே இழுப்பு. இருவரும் படியில் சரிந்தார்கள். புதுப்பெண் இருமினாள், வாயிலிருந்து நீர் வழிந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காதவள் வாயிலிருந்து.

"நானும்… என்னையும் எறக்குங்க" என்றான் அவன். கையை நீட்டினான். நல்ல, உலர்ந்த கை. "தெரியாமப் பண்ணிட்டேன். சத்தியமா. கைய குடுங்க."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்தாள்.

"ஏம்மா, கயிறு!" என்றார் ரசமட்டம்.

விட்டாள்.

நீர் படகை வாங்கிக்கொண்டது. அவன் எழுந்து நின்றான். குறுகலான படகில் ஓர் ஓரமாக ஒருவன் துள்ளி எழுந்தால் அது தாறுமாறாக ஆட வேண்டும். ஆடவில்லை. ஏதோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல மறுபடி உட்கார்ந்தான். அவன் பக்கத்தில், இருக்கைப் பலகையில் விரித்திருந்த காலியான மெத்தை, மெல்ல அமுங்கி, மெல்ல நிறம் மாறிக் கருத்தது. அவன் தலை அந்தப் பக்கம் திரும்பியது. தானாகத் திரும்பவில்லை, தாடையைப் பிடித்துத் திருப்பியதுபோலத் திரும்பியது. வளைவின் நிழல் அவன் மேல் ஏறியது. நடுவாக, சுவர் எதையும் உரசாமல் நுழைந்தது படகு.

ரசமட்டம் வாயைத் திறந்தபடி நின்றார். குறுக்குச் சந்து பக்கம் போக அவர் கால் எழவில்லை.

"மட்டமா இருக்கு" என்றார், யாரிடமும் இல்லாமல். "நூல் புடிச்ச மாதிரி."

புதுப்பெண் நடுங்கிக்கொண்டே அவள் கையைப் பற்றினாள். "ஒரு ஆள்தானே இருக்காரு, அதுவும் ஓரமா. இப்ப ஏன்க்கா சாயல?"

வளைவுக்குள்ளிருந்து முதல் அலறல் வந்தது. அவள் பெண்ணின் காதுகளைத் தன் உள்ளங்கைகளால் மூடிவிட்டு, மெதுவாக, பொறுமையாக, வேலைக்குப் புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, ரசமட்டத்திடம் சொன்னாள்:

"இது ரெண்டு பேருக்கான படகுண்ணே. மூணு பேர் ஏறுனதாலதான் சாஞ்சுது. ஒருத்தரை எறக்கிட்டோம். இப்ப சரியா ரெண்டு பேர்தான் இருக்காங்க."